ஆறிலிருந்து ஏழு வரை

நவம்பர் 9, ஞாயிறு. ஊட்டி

கோச் ஜெயசீலன் சாரிடம் காட்டும் நோட்டில் கிலோமீட்டர், நாடித்துடிப்பு, தூங்கிய நேரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. இது என் சொந்த நோட்டு. சார் இதைப் பார்ப்பதில்லை.

இன்று முப்பத்திரண்டு கிலோமீட்டர். முகாமில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் பேச்சி என்னைவிட நான்கு நிமிடம் முன்னால் முடித்துவிட்டுச் சாலையோரக் கலுங்குக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பாதியை எனக்கு வைத்திருந்தாள். கடைசி ஏற்றத்தில் என் இடது முழங்கால் வழக்கம்போல முணுமுணுத்தது. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இருபத்து நான்கு வயது. எனக்கு முப்பத்து மூன்று.

சென்னை மாநகர் மாரத்தானுக்கு இன்னும் ஒன்பது வாரம். அதில் நான் மூன்று முறை ஓடி மூன்று முறையும் இரண்டாவதாக வந்திருக்கிறேன். முதல் முறை ஒரு மகாராஷ்டிரப் பெண்ணிடம். கடைசி இரண்டு முறையும் பேச்சியிடம். இந்த முறை இந்தியப் பெண்களில் முதலில் வருகிறவளுக்கு ஆசியப் போட்டி அணியில் இடம் உண்டு. ஒரே ஒரு இடம்.

மதியம் துணி துவைத்தேன். வெயில் இல்லை. எதுவும் காயவில்லை.

நவம்பர் 12, புதன்

பேச்சியின் இருப்பிடப் படிவத்தை இந்த மாதக் கடைசி வரைக்கும் நிரப்பினேன். ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் இருக்கிறவர்கள் தினமும் எங்கே தங்குகிறோம், எந்த ஒரு மணி நேரம் அங்கே கட்டாயம் இருப்போம் என்பதை ஃபோனில் ஒரு ஆப்பில் போட்டுவைக்க வேண்டும். சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அவளுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை. இரண்டு வருடம் முன்பு நானும் அந்தப் பட்டியலில் இருந்தேன். வேகம் குறைந்ததும் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆப் முழுக்க இங்கிலீஷ். பேச்சி சங்கரன்கோவில் பக்கத்து கிராமத்துப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். பட்டியலில் பெயர் வந்த அன்றே பயந்துபோய் ஃபோனை என் கையில் கொடுத்தாள். நானே போட்டுக்கொடுக்கிறேன், என் ஃபோனிலேயே இருக்கட்டும் என்றேன். அதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் கணக்கில் ஏற்கெனவே இரண்டு சோதனை தவறியிருக்கிறது. மார்ச்சில் என்னிடம் சொல்லாமல் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டாள். ஜூலையில் பெங்களூர் முகாமில் இருந்தபோது வாட்ச்மேன் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்றாவது தவறினால் இரண்டு வருடம் ஓட முடியாது. மருந்து எதுவும் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. சொன்ன இடத்தில் இல்லாமல் போனால் போதும்.

நவம்பர் 17, திங்கள்

ட்ராக்கில் ஆயிரம் மீட்டர் பத்து முறை. எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன். சார் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் அவர் பேச்சியிடம், "நீ ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷத்துல போவடி. எழுதி வச்சுக்க," என்றார். பிறகு நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பூங்கா, நீ அவளை முப்பது வரைக்கும் இழுத்துட்டுப் போனா போதும். அப்புறம் உன் இஷ்டம்," என்றார்.

முப்பது கிலோமீட்டர் வரைக்கும் காற்றை மறைத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். அதற்குப் பிறகு என் இஷ்டம்.

உருளைக்கிழங்கு வறுத்தேன். பேச்சி மூன்று தட்டு சாப்பிட்டாள்.

நவம்பர் 22, சனி

மதியம் பேச்சிக்கு ஊரிலிருந்து ஃபோன். அவள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது விழுந்துவிட்டார். ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நான்தான் அவள் பையை அடுக்கினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரே சாக்ஸை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயம்புத்தூர் பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஆறு மணி..."

"நான் மாத்திடறேன். நீ அப்பாவைப் பாரு."

"எங்கன்னு போடுவீக? ஆஸ்பத்திரியா, வீடா?"

"போய் இறங்கி, எங்க தங்கறேன்னு ஒரு மெசேஜ் போடு. அதையே போட்டுர்றேன். நாளைக்கு ஒரு நாளு பஸ்ஸுல போறேன்னு போட்டுக்கலாம்."

"மறந்துராதீகக்கா."

"போடி. என்னிக்கு மறந்திருக்கேன்?"

திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமைக்கான பயண விவரத்தைப் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

அறை பெரிதாகத் தெரிகிறது. வெந்நீர் எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தனியாக இருபத்தெட்டு கிலோமீட்டர். நன்றாக ஓடினேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் என் வேகம் எனக்கே கேட்டது. முழங்கால் தொந்தரவு இல்லை.

பதினோரு மணிக்குப் பேச்சியின் மெசேஜ். அப்பா இன்னும் கண் திறக்கவில்லையாம்.

புதுக்கோட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். கடையில் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டே பேசுகிறார் என்பது சத்தத்தில் தெரிந்தது. "குழந்தைக்குப் பாக்குற டாக்டரம்மா பிப்ரவரியில வரச் சொல்லுது. ஜனவரியோட போதும்ல, பூங்கா?" என்றார். ஜெயித்தால் ஆசியப் போட்டி வரைக்கும் என்றேன். "ஜெயிச்சா சரி," என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஜெயிப்பேன் என்று அவரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷூவைக் கழுவிக் காகிதம் திணித்து வைத்தேன். தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் சோதனைக்காரர்கள் வந்தார்கள். பேச்சி இல்லை. ஏழு மணிக்குப் போய்விட்டார்கள்.

இந்த மலையில் சிக்னல் எப்போதும் இப்படித்தான்.

பத்து கிலோமீட்டர், மெதுவாக.

நவம்பர் 25, செவ்வாய்

நேற்று வந்தவர்கள் இருவர். ஒரு அம்மா, ஒரு பையன். அந்த அம்மாவுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போயிருக்கிறாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். "படிவத்துல இந்த விலாசம்தானேம்மா இருக்கு. நாங்க ஒரு மணி நேரம் காத்திருக்கணும்," என்றார். உட்கார்ந்தார்கள். டீ போட்டேன். பால் திரிந்துவிட்டது. மறுபடி கடுங்காப்பி போட்டேன். ஆறு ஐம்பத்தைந்துக்குப் பேச்சியின் எண்ணுக்கு அடித்தார். சுவிட்ச் ஆஃப். ஐ.சி.யு. வாசலில் ஃபோனை அணைத்துவைக்கச் சொல்லியிருப்பார்கள்.

போகும்போது அந்த அம்மா, "பாவம், வயசு பொண்ணு," என்றார்.

இன்று பேச்சியிடம் சொன்னேன். சிக்னல் கிடைக்கவேயில்லை, எவ்வளவோ முயன்றேன் என்றேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரிக்கா," என்றாள். "எங்கய்யா கண்ணு முழிச்சிட்டாக. என்னைத் தெரியுது."

டிசம்பர் 2, செவ்வாய்

பேச்சி திரும்பிவிட்டாள். அப்பாவுக்கு வலது கை வரவில்லை, பேச்சு குழறுகிறதாம். வந்த அன்றே பதினெட்டு கிலோமீட்டர் ஓடினாள். பத்து நாள் ஓடாதவள் மாதிரியே தெரியவில்லை. பாதியில் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

டிசம்பர் 4, வியாழன்

சோதனை அமைப்பிலிருந்து மெயில் வந்துவிட்டது. அவளுக்கு மெயில் போட்டுக்கொடுத்ததும் நான்தான், அதுவும் என் ஃபோனில்தான் வரும். மூன்றாவது தவறல். பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இன்று சொல்லலாம் என்று இருந்தேன். அவளுக்கு நல்ல ஓட்டம் அமைந்தது. கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 6, சனி

சொன்னேன். அவள் சாரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

ஜெயசீலன் சார் மெயிலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், இப்படிச் சோர்ந்து பார்த்ததில்லை.

"யாரும்மா இதை நிரப்பறது? நீயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி, "நான்தான் சார்," என்றாள்.

"ஊருக்குப் போறப்ப மாத்தணும்னு தெரியாது?"

"தெரியும் சார். எங்கய்யாவ நெனச்சுக்கிட்டு விட்டுட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையில் இருந்த சிமெண்ட் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். தலை சீவிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ரேஸ் இருக்குல்லாக்கா. உங்க பேரச் சொன்னா உங்களையும் கூப்புட்டு விசாரிப்பாக. ரெண்டு பேரும் எதுக்கு மாட்டணும்? சிக்னல் இல்லாததுக்கு நீங்க என்ன செய்வீக."

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

விளக்கத்தை ஏற்கவில்லை. விசாரணை முடியும்வரை ஓடக்கூடாது, முகாமிலும் இருக்கக்கூடாது. பேச்சி கிளம்பிவிட்டாள்.

சார் வழியனுப்ப வராமல் ஊருக்குள்ளேயே எங்கோ போய்விட்டார். நான்தான் பஸ் ஏற்றினேன். போன முறை போலவே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் அவளுக்கு வேலை கிடைக்கும் என்று இருந்தது, அது இனி வராது என்று அவளுக்கும் தெரியும்.

"நீங்க இந்த வாட்டி ஜெயிக்கணும்க்கா. அவ்வளவுதான்," என்றாள்.

பஸ் போன பிறகு ஸ்டாண்டில் வெகுநேரம் நின்றேன். ஒரு கேரட் விற்கிறவர் வேணுமா என்று இரண்டு முறை கேட்டார். அரைக் கிலோ வாங்கினேன்.

ஜனவரி 3, சனி

சார் இப்போது எனக்கு மட்டும் நேரம் எடுக்கிறார். "நல்லா வந்திருக்க," என்கிறார். இந்த ஒன்பது வருடத்தில் இந்த வார்த்தையைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு. சென்னை

ஜெயித்துவிட்டேன்.

அதிகாலை நான்கு மணிக்கு நேப்பியர் பாலத்துப் பக்கம் கிளம்பினோம். முன்னால் போன எத்தியோப்பியப் பெண்கள் கடற்கரைச் சாலையிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவர்கள் பரிசு வேறு. இந்தியப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஓடினோம். அடையாறில் நான்கு, திருவான்மியூர் தாண்டி இரண்டு. முப்பதாவது கிலோமீட்டர் பலகையைப் பார்த்ததும் தன்னிச்சையாக வலது பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். பின்னால் வருகிறவள் கடந்து போவாள் என்று. யாரும் கடக்கவில்லை. நாசிக்கிலிருந்து வந்த சின்னப் பெண் ஐம்பது மீட்டர் பின்னால் தள்ளாடிக்கொண்டிருந்தாள். பிறகு நான் மட்டும்தான்.

எங்களுக்கென்று பிடித்திருந்த நாடாவைத் தொட்டபோது கைகள் மேலே போகவில்லை. ஒலிபெருக்கியில் என் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். "பூங்கோதை" என்றார்கள். திருத்தவில்லை.

இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடம். போன வருடம் இரண்டாவதாக வந்தபோது இதைவிட இரண்டு நிமிடம் வேகமாக ஓடியிருந்தேன்.

டி.வி.க்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, "நடப்புச் சாம்பியன் முத்துப்பேச்சி இல்லாதது உங்களுக்கு வசதியாப் போச்சா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "அவ இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றேன். பெருந்தன்மை என்று எழுதுவார்கள்.

அவர் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். கூட்டத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். கல்யாணத்தில்கூட அவர் அழுது பார்த்ததில்லை.

பேச்சியிடமிருந்து ஒரு மெசேஜ்: "டிவில பாத்தோம். எங்கய்யாவும் பாத்தாக."

ஜனவரி 12, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. கால் அல்ல.

ஜனவரி 29, வியாழன். புதுக்கோட்டை

இரண்டு வருடம். தீர்ப்பு மெயில் என் ஃபோனுக்கு வந்தது. நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் ஒவ்வொரு வரியாக. "வீராங்கனையின் கவனக்குறைவு" என்று ஒரு வரி வந்தது. அதையும் படித்தேன்.

பிப்ரவரி 7, சனி

நாளைக்கு அவள் ஊருக்குப் போகிறேன். தடையில் இருந்தாலும் இருப்பிடத்தைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆப்பை அவள் ஃபோனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

போவதற்கு முன் இங்கே எழுதிவிட வேண்டும். இங்கேயே எழுத முடியாவிட்டால் அங்கே வாய் வராது.

நவம்பர் 23 ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி மெசேஜில் பேச்சி அப்பாவைப் பற்றி மட்டும் எழுதவில்லை. "ஆஸ்பத்திரி மூணாவது மாடி, ஐசியு வாசல், இங்கதான் இருப்பேன்" என்றும் எழுதியிருந்தாள். நான் உடனே படித்தேன். சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று வைத்தேன். பிறகு ஷூ கழுவினேன். பிறகு அவர் ஃபோன். சாயங்காலம் ஞாபகம் வந்தது. சிக்னல் இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அதுவரைக்கும் சோம்பல்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஆப்பைத் திறந்தேன். ஆறு மணிக்கு முன்னால் மாற்றினால் செல்லும். ஆஸ்பத்திரி பெயரைப் போட்டேன். மூன்றாவது மாடி என்று போட்டேன். ஒரே ஒரு பட்டன் பாக்கி. விரல் அதன் மேலேயே இருந்தது. வரமாட்டார்கள், வந்தால் வரட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு உன் இஷ்டம் என்று சார் சொன்ன சத்தம் கேட்டது. திரும்பிப் போகிற அம்புக்குறியை அழுத்தினேன். போட்டதெல்லாம் அழிந்துவிட்டது. ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் கதவைத் தட்டினார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சங்கரன்கோவிலில் இறங்கி மினி பஸ். பேச்சி நிறுத்தத்திலேயே நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்.

வீட்டு வாசலில் அவள் அம்மாவும் அவளும் முறம் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்த இடம் அப்படியே கிடந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் கும்பிட முயன்று பாதியில் விட்டார். அவள் அம்மா, "டிவில பாத்தோம் தாயி. எம்புள்ளயே ஓடுன மாதிரி இருந்துச்சு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன். மறுபடி ஊற்றினார்கள். அதையும் சாப்பிட்டேன்.

பிறகு ஃபோனை எடுத்து அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். இங்கே தேதி, இங்கே விலாசம், இங்கே நேரம், இதை அழுத்தினால் போய்விடும். இரண்டு முறை நான் செய்தேன், மூன்றாவது முறை அவளே செய்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"இம்புட்டுதானாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஒன்றரை வருடமாக நான் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் என்னை நம்பி இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவள் அம்மா தண்ணீர் எடுக்கப் போனார். பேச்சி முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். நான் சொன்னேன். சிக்னல் இருந்தது, எல்லாம் போட்டேன், கடைசியில் அழுத்தவில்லை என்று. சுற்றி வளைக்காமல் அப்படியே சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. அந்தப் பீடிக்கு நூல் கட்டி முடித்தாள்.

"எப்ப நெனச்சீக, போட வேண்டாம்னு?"

"அன்னிக்குக் காலையில. அஞ்சே முக்காலுக்கு."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நினைக்கல." பிறகு, "நினைச்சிருப்பேன்," என்றேன்.

"எங்கய்யா அப்ப ஐசியுல கெடந்தாக."

"தெரியும்."

உள்ளே அவள் அப்பா இருமினார். எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழுவாள், அடிப்பாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுதீக?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

"சொன்னா என்னையும்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

குடத்தோடு வந்த அம்மாவிடம், "யம்மா, அக்கா கெளம்புதாக," என்றாள். நிறுத்தம் வரைக்கும் அவள் அம்மாதான் வந்தார்.

பிப்ரவரி 14, சனி. பெங்களூர்

ஆசியப் போட்டிக்கான முகாம். நீல நிற டிராக் சூட் கொடுத்தார்கள். முதுகில் இந்தியா. அளவு சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

அனுப்பவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

காலை பதினாறு கிலோமீட்டர், மாலை எட்டு. சோதனை அமைப்புக்கான கடிதத்தைத் தமிழில் எழுதிவிட்டேன். இங்கிலீஷில் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும் என்று ஒரு சாக்கு.

பிப்ரவரி 24, செவ்வாய்

அனுப்பவில்லை. இங்கே சாப்பாட்டில் தினமும் முட்டை.

மார்ச் 1, ஞாயிறு. புதுக்கோட்டை

இரண்டு நாள் விடுப்பில் வந்தேன். அவரிடம் சொன்னேன். கடையில் ஆள் இல்லாத நேரம். காயில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன்."

"அது யாருகிட்டயும் சொல்லலல்ல?"

"சொல்லல."

"அப்ப வேற யாருக்குத் தெரியப்போவுது," என்றார். சொன்ன உடனே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை.

மார்ச் 2, திங்கள்

காலையில் காப்பியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அனுப்பிட்டியா?"

"இல்லங்க."

"எடுத்துட்டு வா. தெருக்கோடி டீச்சர்கிட்ட இங்கிலீஷ்ல எழுதி வாங்கலாம். நானும் வர்றேன்."

டீச்சர் எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு முறை பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். பதினொன்றரைக்கு அனுப்பினேன்.

மே 6, புதன்

பேச்சியின் மேல்முறையீட்டில் என் கடிதத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தை ஒரு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள், போன நவம்பரிலிருந்து கணக்கு. பொறுப்பு அவளுடையதுதான், அதற்குக் கீழே குறைக்க விதி இடம் தரவில்லையாம்.

எனக்கு நான்கு வருடம். சென்னைப் பதக்கத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். முதலிடம் அந்த நாசிக் பெண்ணுக்கு. ஆசியப் போட்டிக்கும் அவளே போகிறாள். பேச்சி வீட்டில் இருப்பாள். நான் சொன்னதால் அந்த இடம் அவளுக்குத் திரும்பிவிடும் என்று என்னை அறியாமல் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெயசீலன் சாருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பேச்சிக்கு அடிக்கவில்லை.

அவர் பதக்கத்தைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிக்கொடுத்தார்.

ஜனவரி 10, ஞாயிறு. சென்னை

எட்டு மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை.

பேச்சி இன்று ஓடுகிறாள் என்று பேப்பரில் பார்த்தேன். சாலையோரம் நிற்பதற்குத் தடை இல்லை. திரும்பி வரும் வழியில், திருவான்மியூரில், முப்பத்தாறாவது கிலோமீட்டரில் போய் நின்றேன். அங்கே கூட்டம் இருக்காது. தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் மாநகராட்சி அம்மா ஒருவர் துடைப்பத்தோடு காகிதக் கோப்பைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது.

இந்தியப் பெண்களில் நாசிக் பெண் முதலில் வந்தாள். போன வருடம் பின்னால் தள்ளாடியவள், இப்போது வேறு ஆள். பிறகு இருவர். பிறகு நெடுநேரம் சாலை காலியாக இருந்தது. பேச்சி நான்காவதாக வந்தாள். இளைத்துவிட்டாள், ஆனால் ஓட்டத்துக்கு இளைத்த உடம்பு அல்ல அது. தோள் இரண்டும் காதுப்பக்கம் ஏறியிருந்தன. வலது காலைக் கொஞ்சம் இழுத்தாள். ஒரு வருடம் ஓடாமல் இருந்துவிட்டு ஒன்றரை மாதத்தில் எல்லாவற்றையும் எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள், யாரும் தடுக்கவில்லை. தோளை இறக்குடி என்று கத்த வாய் வந்தது. அந்தக் குரலை அவள் கேட்க விரும்புவாளா என்று யோசிப்பதற்குள் என்னைத் தாண்டிவிட்டாள். பார்த்தாளா, தெரியவில்லை. அவள் கண் சாலையில்தான் இருந்தது.

நான் நான்கைந்து அடி பின்னாலேயே நடந்திருப்பேன் போலிருக்கிறது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்ச பொண்ணாம்மா?"

"ஆமாங்க. ஒரே ரூம்ல இருந்தோம்."

அவர் சாலையை எட்டிப் பார்த்தார். பேச்சி இன்னும் தெரிந்தாள், சின்னதாக.

"ஜெயிச்சிருவாளா?"

"போன வருஷம் ஜெயிச்சிருப்பா," என்றேன்.